மாசத்துல ஒரு நாள்

“எப்படியாவது வர வச்சிடுங்க டாக்டரம்மா. மாசத்துல ஒரு நாள் வந்தாப் போதும்.”

அந்த அம்மாளுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. நுனியில் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்குவதும் விடுவதுமாக இருந்தாள். சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிற கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

டாக்டரம்மாவுக்கும் பொறுமை கரைந்துகொண்டிருந்தது. வெளியே கூட்டம் நெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“இங்க பாருங்கம்மா, உங்களுக்கு அம்பதை நெருங்குது. அஞ்சு மாசமா வரல. கர்ப்பம் இல்ல, தைராய்டும் சரியா இருக்கு. நிக்கற வயசு, நிக்கப் போகுது. மத்தவங்க எல்லாம் விட்டுது தொல்லைன்னு சந்தோஷப்படறாங்க.”

“அதுக்கு மாத்திரை இருக்காமே?”

“இருக்கு. ஒரு ஹார்மோன் மாத்திரையைப் பத்து நாள் குடுத்து நிறுத்தினா, ஒரு தடவை வரலாம், வராமலும் போகலாம். மாசாமாசம் வரணும்னா ரெண்டு ஹார்மோன் சேர்த்துக் குடுக்கணும். அது உடம்பு கொதிக்குது, தூக்கமே இல்லன்னு வர்றவங்களுக்கு. உங்களுக்கு அப்படி ஏதாவது இருக்கா?”

“ஒண்ணும் இல்லியே.”

‘ஆமாம்’ என்றிருந்தால்கூட டாக்டரம்மா கொஞ்சம் யோசித்திருப்பார். காரியம் ஆக வேண்டுமென்றால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இந்த அம்மாளுக்கு அந்தச் சாமர்த்தியமும் இல்லை.

“பிரஷர் வேற எகிறிக் கெடக்கு. எங்கயாவது ரத்தம் கட்டிக்கிட்டா உசிருக்கே ஆபத்து.”

“பரவாயில்ல. அந்த ரெண்டையும் சேர்த்தே குடுங்க.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “வீட்டுக்காரர் ஏதாவது சொல்றாரா? இன்னொரு கொழந்தை வேணும்னு...”

“அவரு போய்ச் சேர்ந்து வருஷக் கணக்காச்சு. எங்க வேலைல அந்த நாளுக்குன்னு மாசம் ஒரு லீவு உண்டு டாக்டரம்மா. ஞாயித்துக்கிழமையை விட்டா அது ஒண்ணுதான். வராத மாசம் எப்படிக் கேக்கறது?”

டாக்டரம்மாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு நாள் லீவுக்கா இந்தப் பாடு? வந்துச்சா இல்லியான்னு யாராவது பாக்கறாங்களா?”

“இல்ல. நாம சொல்றதுதான்.”

“அப்ப வந்துடுச்சுன்னு சொல்லிட்டு வீட்டுல காலை நீட்டிப் படுங்க. யாரு கேக்கப் போறா?”

வாரை முறுக்கிக்கொண்டிருந்த கை சட்டென்று நின்றது.

“படுக்கறதுக்கு இல்ல டாக்டரம்மா. அன்னிக்குத்தான் என் பையனைப் போய்ப் பாப்பேன். ஞாயித்துக்கிழமை அங்க உள்ள விடமாட்டாங்க. அஞ்சு மாசமா அவன் மொகத்தைப் பாக்கல.”

அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

“பொய் சொல்லி நாலு பேரை ஏமாத்துனதுக்குத்தான் அவனைப் புடிச்சுப் போட்டாங்க. நான் போறப்பல்லாம், ‘இனிமே பொய்யே சொல்லமாட்டேம்மா’ன்னு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு சத்தியம் பண்றான். அதைக் கேக்கறதுக்கு, நான் பொய் சொல்லிட்டா போறது?”