டேங்கின் தாராளம்

கித்தேரியானின் வள்ளத்தில் ஒரு பெட்ரோல் டேங்க் இருந்தது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போவதற்காக அதன் மூடியில் ஒரு சின்னத் திருகு உண்டு. அன்று அவர் அதைத் திறக்க மறந்துவிட்டார். டேங்குக்கு அதில் மகிழ்ச்சிதான்.

"இன்றைக்கு என் வாசனைகூட வெளியே போகாது" என்று, மோட்டாருக்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாயிடம் சொன்னது.

கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் மோட்டார் இருமத் தொடங்கியது.

"பெட்ரோல் வரவில்லையே" என்றது.

"நான் கழுத்துவரை நிறைந்திருக்கிறேன். உனக்குத்தான் இழுக்கத் தெரியவில்லை" என்றது டேங்க்.

மோட்டார் மூச்சைப் பிடித்து இழுத்தது. டேங்கின் விலா உள்ளே ஒடுங்கியது. வலித்தாலும் அது வெளியே சொல்லவில்லை. மோட்டார் நின்றுபோனது.

நீரோட்டம் வள்ளத்தைப் பாறைப் பக்கம் தள்ளியது. கித்தேரியான் மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"சனியனே, நடுக்கடல்ல கழுத்தறுக்கிறியே!" என்று மோட்டாரைத் திட்டினார். டேங்க் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

பாறையில் அலை மோதும் சத்தம் நெருங்கியது. துடுப்பை எடுக்கத் திரும்பியவரின் கண்ணில் டேங்கின் ஒட்டிய வயிறு பட்டது.

"மாதாவே!" என்று பாய்ந்து திருகைத் திறந்தார். காற்று உஸ்ஸென்று உள்ளே போனது. குழாயில் பெட்ரோல் ஓடியது. அடுத்த இழுப்பில் மோட்டார் உறுமிக்கொண்டு வள்ளத்தைப் பாறையிலிருந்து விலக்கியது.

டேங்க் குழாயின் பக்கம் சாய்ந்தது.

"இவ்வளவு கொடுக்கிறேன். இந்த மோட்டார் ஒரு நன்றி சொல்கிறதா, பார்த்தாயா?"