கதவில் ஒரு கண்ணாடி

காய்ச்சல் திரும்பவும் பரவுவதாக வானொலி சொல்லிக்கொண்டிருக்கிறது. தச்சர் அதை அணைக்காமலே பின்னறைக் கதவை ரம்பத்தால் அறுக்கிறார். மரத்தூள் காலை வெயிலில் பறந்து, மேசைமேல் வாங்கி அடுக்கிய சோப்புக் கட்டிகள்மேலும் மாத்திரை அட்டைகள்மேலும் படிகிறது. போன முறை இந்த அறையில்தான் அவருடைய அப்பா தனியாகக் கிடந்தார். மூடிய கதவு வழியாக இருமல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. அறுத்த ஓட்டையில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்துவிட்டு, தச்சர் வெளியே முக்காலியில் உட்காருகிறார். அவர் தெரிகிறாரா என்று மனைவி உள்ளே கட்டிலில் படுத்துப் பார்க்கிறாள். “உங்க தலைகூடத் தெரியலைங்க.” “நான் எந்திரிச்சு நின்னா தெரியும்.” “ராத்திரி பூரா நின்னுக்கிட்டேவா இருப்பீங்க? இன்னும் கீழ அறுங்க.” “நல்ல கதவு, பாழாப் போயிடும்.” “போகட்டும். கதவுக்கா காய்ச்சல் வரப்போகுது?” அவர் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரம்பத்தை எடுக்கிறார். ஓட்டை தாழ்ப்பாளையும் தாண்டிக் கீழே இறங்குகிறது. இன்னும் நீளமான கண்ணாடியை வைத்துவிட்டு, மறுபடி முக்காலியில் உட்காருகிறார். தலையணையில் கன்னம் வைத்தபடியே அவளுக்கு அவர் முகம், மீசையில் ஒட்டிய மரத்தூளோடு முழுசாகத் தெரிகிறது. “இப்ப வரச் சொல்லுங்க அந்தக் காய்ச்சலை,” என்கிறாள்.