மாமா, சோறு?

வாய் தவறி வந்துவிட்டது.

"மாமா, சோறு?"

கல்லாவில் சில்லறை எடுத்துக்கொண்டிருந்த கடைக்காரியின் கை அப்படியே நின்றது.

கேட்டவன் மொமின். கையில் சோற்று வாளி. முகம் முழுக்கச் சிரிப்பு.

கேட்கப்பட்டவர் கிள்ளான் மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் முதலாளி, கதிரேசன் தவுக்கே. பக்கத்து நாற்காலியில் அவர் மகள். வரன் பார்த்துக்கொண்டிருக்கும் மகள்.

அந்த மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு வாலிபன், அவரைப் பார்த்து, மாமா என்று.

பின்வரிசையில் ஒருவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

"தவுக்கே, மாப்ளே ரெடி போல!"

கடையே சிரித்தது.

தவுக்கே சிரிக்கவில்லை. பிசைந்த கை இலையில் நின்றது. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அப்பளத்தைப் பார்த்தாள்.

கல்லாவில் நின்றவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

தவுக்கே எழுந்தால் மார்க்கெட் ஆட்கள் அத்தனை பேரும் எழுவார்கள். பாதிக் கடை காலி. அதுகூடப் பரவாயில்லை. இவனை அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டால்?

இவன் வருவதற்கு முன் மாதக்கணக்கில் இந்த மேசைகள் மடங்கிச் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. வாளி தூக்க உள்ளூரில் ஆள் இல்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் மதியக் கூட்டத்தைப் பார்த்த கையோடு ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இலைச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டு, ரொட்டியும் தேத்தண்ணியுமாக ஒற்றை ஆளாய் ஓட்டினாள். கடையை மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்ளப் பெர்மிட் கிடைத்தது. டாக்காவிலிருந்து இவன் வந்து இறங்கினான்.

இறங்கியவன் நடக்கவே இல்லை. பறந்தான்.

ஒரு கையில் சாம்பார், ஒரு கையில் ரசம், இடுப்பால் தள்ளினால் அடுப்படிக் கதவு. இன்னும் கொஞ்சம் கேட்கக் கூச்சப்படுகிறவர் இலையில் கேட்காமலே பொரியல் விழும். தமிழ் தெரியாது. தெரியாதது பற்றிக் கவலையும் கிடையாது. ஒரு மேசையில் ஒரு சொல்லைப் பொறுக்குவான், அடுத்த மேசையில் போட்டுப் பார்ப்பான். தப்பாக விழுந்தால் முதலில் சிரிப்பவன் அவன்தான்.

மாமா மட்டும் அவனோடு கூடவே வந்த சொல். அவன் ஊரில் டீக்கடைக்காரர் மாமா, ரிக்‌ஷாக்காரர் மாமா, பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவரும் மாமா. இங்கே வேண்டாம்டா, எல்லாரையும் அண்ணே என்று கூப்பிடு என்று வந்த அன்றைக்கே சொல்லி வைத்திருந்தாள். அவனும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இந்த நிமிடம் வரை.

"யாருடா உனக்கு மாமா?"

மொமினின் சிரிப்பு குறையவில்லை. தவுக்கே சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறார் என்று நினைத்துவிட்டான். வாளியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு பொறுமையாக விளக்கினான்.

"அம்மா தம்பி, மாமா. எனக்கு சின்னதுல அப்பா இல்ல. மாமாதான் சோறு குடுத்துச்சி."

கடையில் சிரிப்பு நின்றது.

தவுக்கே அவனை நிமிர்ந்து பார்த்தார். முகத்தை. பிறகு தோளை. பிறகு வாளி பிடித்த மணிக்கட்டை.

அந்தப் பார்வை கடைக்காரிக்குத் தெரியும். மார்க்கெட்டில் ஆள் போதாமல் தவுக்கேயே லாரியில் ஏறி முட்டைக்கோஸ் இறக்குகிறார்.

"பேசாம என்கிட்ட வந்துடுறியா? பெர்மிட்டெல்லாம் நான் பாத்துக்கிறேன்."

அவர் கோபமே தேவலாம் போலிருந்தது அவளுக்கு.

கல்லாவைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்தாள். தவுக்கே என்று தொடங்க வாயெடுத்தவள், விழுங்கினாள்.

"இவன் என் தம்பி. அப்ப நீங்க எனக்கும் மாமாதானே? அக்கா மக கடையிலேயே கை வெக்கிறீங்களே, நல்லா இருக்கா மாமா?"

தம்பி என்ற சொல் மொமினுக்குப் புரிந்தது. திரும்பி அவளைப் பார்த்தான்.

மகள் இந்த முறை வாய்விட்டே சிரித்துவிட்டாள். "மாட்டிக்கிட்டீங்கப்பா!"

தவுக்கே சோற்றை உருட்டினார். உருட்டியதை வாயில் போடவில்லை.

"சரிம்மா, தொடல. ஆனா இவன மாதிரி ஒருத்தன எனக்கும் புடிச்சிக் குடு. ஒருத்தன் போதும்லா."

"இருக்கு, மாமா."

எல்லோரும் மொமினைப் பார்த்தார்கள்.

"ஊர்ல. என் தம்பி."

வாளியைக் கீழே வைத்தான். கையை ஏப்ரனில் துடைத்து, துடைத்தது போதாதென்று மறுபடியும் துடைத்து, போனை எடுத்தான்.

தவுக்கே எச்சில் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு இடது கை விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். மகளும் எட்டிப் பார்த்தாள்.

"அச்சு அசல் உன்ன மாதிரியே இருக்கான்டா. மூட்ட தூக்குவானா?"

மொமின் காதில் கேள்வி விழுந்ததா என்றே தெரியவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் சிரிப்பு இல்லாமல் அவனை அவள் பார்த்ததே இல்லை. சட்டென்று ரொம்பச் சின்னப் பையனாகத் தெரிந்தான்.

பின்வரிசையில் சோறு கேட்டு ஒரு குரல். அடுத்த மேசையில் இன்னொரு குரல், இன்னும் உரக்க.

அவள் அவர்கள் பக்கம் திரும்பி, வாயில் விரல் வைத்தாள்.

வாளியை எடுத்துக்கொண்டு, அவன் மேல் இடித்துவிடாமல் முதுகுப் பக்கமாகச் சுற்றி, தானே சோறு போடப் போனாள்.