மேட்டுக் கல்லறை

சர்தீனியத் தீவின் மலையூர் ஒன்றில் டாக்டர் கிராசியெத்தா, தொண்ணூற்றெட்டு வயது பகீசியோவின் மார்பிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தாள்.

“ஆட்டுக்கிடா மாதிரி இருக்கீங்க, தாத்தா! தினமும் மேட்டுக் கல்லறைக்கு ஏறுறீங்கல்ல, அதான் விஷயம். ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்கால் சதை ரத்தத்தைப் பிழிஞ்சு மேலே தள்ளும். இதயத்துக்குப் பாரம் குறையும்.”

கிழவரின் முகம் வெளிறியது.

“முப்பது வருஷம் முன்னாடி, மேடு ஏறினா உயிர் போயிடும்னு உங்கப்பா சொன்னாரேம்மா?”

“அப்பா பழைய காலத்து டாக்டர். நல்லவேளை, அவர் பேச்சைக் கேட்காம ஏறினீங்க.”

“கேட்டுத்தான் ஏறினேன்.”

மாலையில், கல்லறையில் பதித்திருந்த மனைவி அசுந்தாவின் படத்தைத் தடவினார். அவளுக்கு இன்னும் அறுபது வயதுதான்.

“சீக்கிரம் உங்கிட்ட வரத்தான் ஏறினேன். ஏற ஏறத் தள்ளிப் போயிருக்கேன். நாளையிலேருந்து ஏற மாட்டேன், அசுந்தா. காத்திரு.”