கெட்டிச் சாயம்

ராக்கப்பன் ஜவுளிக்கடைப் படியில் கால் வைத்த பிறகுதான், தான் எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம் என்பது மாரிசெல்விக்கு உறைத்தது.

கத்தரிப்பூ நிறம், பச்சைக் கரை. சூலக்கரைப் பக்கம் புதிதாக வந்த மாலில், எழில் சில்க்ஸில், தீபாவளிக்கு எடுத்தது.

அந்த மால் திறந்த அன்று விருதுநகர் பஜாரே கடையடைத்தது. முன்வரிசையில் கறுப்புக்கொடி பிடித்து நின்றவர் இந்த ராக்கப்பன் அண்ணாச்சிதான்.

திரும்பிவிடலாம் என்று பார்த்தாள். அதற்குள் அவர் பார்த்துவிட்டார். முகத்தைக்கூட இல்லை, முந்தானையை.

பதினாலு வருசமாக அவளுக்கு இந்த ஒரு கடைதான். போன வருசம்தான் புத்தி மால் பக்கம் போனது. அங்கே ஏசி உண்டு, நகரும் படிக்கட்டு உண்டு, எடுக்காமல் வந்தாலும் யாரும் முறைப்பதில்லை. குறையென்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். வருசம் பிறந்ததும் போய்க் காலண்டர் கேட்டாள். பில் போடுகிற பெண் சிரித்துக்கொண்டே, எல்லாம் ஆப்புல வந்துரும்க்கா என்றாள்.

ஆப்புதான் வந்தது. காலண்டர் வரவில்லை.

அடுப்படிச் சுவரில் ஆணி மட்டும் தனியாக நின்றது. ராகுகாலம் தெரியாமல், கேஸ் பதிந்த தேதி தெரியாமல் பத்து நாள் ஓட்டிப் பார்த்தாள். அவள் வேலைக்குப் போவது சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிக்கு. போகிற வழியெல்லாம் லட்சக்கணக்கில் காலண்டர் அச்சாகிறது. ஆனாலும் காசு கொடுத்துக் காலண்டர் வாங்குகிற கேவலம் அவள் குடும்பத்தில் இதுவரை நடந்ததில்லை.

"வாம்மா. சேலை நல்லாருக்கே, எங்கன எடுத்தது?"

"மதுரையில எங்க நாத்தனா எடுத்துக் குடுத்தாக, அண்ணாச்சி."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கரையை உற்றுப் பார்த்தார். சாயம் நிற்கிறதா என்று கேட்டார்.

வயிற்றெரிச்சலில் கேட்கிறார் என்று நினைத்தாள். பாவமாகவும் இருந்தது. பதினாலு வருசம் பழகிய மனுசன், மனசு குளிர ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? பொய்யோடு பொய்யாக இதுவும் போகட்டும்.

"மொதத் தண்ணியிலயே போச்சு அண்ணாச்சி. உங்க கடைச் சேலை மாதிரி வருமா?"

அவர் முகம் மலரவில்லை. தொங்கிப்போனது.

தனக்காக இம்புட்டு வருத்தப்படுகிறாரே என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மனுசனை விட்டுவிட்டா போனோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அண்ணாச்சி கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு காலண்டரை எடுத்துச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு நீட்டினார். பொங்கலுக்குச் சேலை எடுக்க வரச் சொல்வது வழக்கம். இந்தத் தடவை சொல்லவில்லை.

ஆமத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் பிரித்துப் பார்த்தாள். முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் வழக்கம்போல ராக்கப்பன் ஜவுளிக்கடை, மெயின் பஜார், விருதுநகர்.

அதற்கும் கீழே, இந்த வருசம் புதிதாக, சிவப்பெழுத்தில் இரண்டு வரி.

'எங்களது மற்றொரு கடை: எழில் சில்க்ஸ், சூலக்கரை மால், முதல் மாடி.

சாயம் போனால் சேலையை மாற்றித் தருவோம்.'

மாரிசெல்வி முந்தானையை மடியில் விரித்துப் பார்த்தாள். மூன்று மாதமாகத் துவைக்கிறாள். பாழாய்ப்போன சாயம் ஒரு சொட்டுகூடப் போகவில்லை.