பேட்டரிக்கு ஓய்வு நேரம்

“மூணு மணி நேரம் பதினேழு நிமிஷம்!” செல்லப்பாண்டி செல்போனைக் கண்ணாடி மேசைமேல் தட்டி வைத்தான். “நேத்து ரெண்டேகால்ல ஆஃப் ஆச்சு. அஞ்சரை மணிக்கு மேலதேன் உசுரு வந்துச்சு. இருபத்திரெண்டு தடவ அடிச்சேன். இதெல்லாம் ஒரு செல்லாம்மா?”

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்தப் பழைய செல்போன் விற்கும் கடையில் தேவசேனா மட்டும் இருந்தாள்.

“ஆம்பள மெக்கானிக் யாரும் இல்லையா?”

“முதலாளி மதுரைக்குப் போயிருக்காருங்க. ரிப்பேர் நாந்தான் பாக்குறது.”

அவள் ஆளைப் பார்த்துப் பேச மாட்டாள். கையிலிருக்கும் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துத்தான் பேசுவாள். இயற்பியல் பட்டம் வாங்கிய மூன்று வருடமும் அப்படித்தான் போயிற்று.

“மூணு மாசம் முன்னாடி உங்க கடையிலதேன் இத வாங்கி இவளுக்குக் குடுத்தேன்.” பின்னால் நின்ற தங்கை நதியாவைக் கட்டைவிரலால் காட்டினான். “பூம்பாறையில இருந்து தெனம் பஸ்ஸுல வந்து சாக்லேட் கடையில நிக்கிறா. எங்க இருக்கா, என்ன பண்றான்னு எனக்குத் தெரிய வேணாமா? இன்னிக்கு இது சரியாகணும். இல்லேன்னா நாளைக்கு இவ பஸ் ஏறக் கூடாது. வீட்டுல பூண்டு சோலி மலையாக் கெடக்கு.”

நதியாவின் கையில் பஸ் பாஸ் இருந்தது. அதை மடித்தாள், விரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

“அண்ணே, கடையில சீசன் நேரம்...”

“நீ பேசாத. காலேஜ நிறுத்துனப்பவும் இப்படித்தேன் மூஞ்சியத் தூக்குன.”

தேவசேனா நதியாவைக் கேட்டாள். “எத்தன பர்சென்ட்ல அணையுது?”

“அதேன் விசித்திரம்,” என்று செல்லப்பாண்டி பதில் சொன்னான். “காலைல நானே நூறு ஏத்தி அனுப்புறேன். மறுபடி தொறந்தா நாப்பத்தாறு காட்டுது. அம்புட்டு சார்ஜ் இருக்கையில எதுக்கு அணையணும்?”

“நான் அவங்களக் கேட்டேங்க.”

“அவளுக்கு என்னம்மா தெரியும்?”

தேவசேனா செல்போனை மடிக்கணினியில் சொருகினாள். திரையில் வரிகள் ஓடின. கடைசி வரை படித்தாள். மேலே போய் இன்னொரு முறை படித்தாள். பிறகு மூடியைப் பாதி இறக்கினாள்.

“என்ன காட்டுது?”

“விக்கும்போது பேட்டரியோட பலம் நூத்துக்குத் தொண்ணூத்தி மூணு இருந்துச்சு.”

“இப்ப?”

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அளவு தப்பிருச்சுண்ணே. குடத்துல எவ்வளவு பிடிக்கும்ங்கிறது ஒண்ணு, இப்ப எவ்வளவு இருக்குங்கிறது ஒண்ணு. குடம் நசுங்கிப் போச்சு. செல்லு இன்னும் பழைய குடம்னு நெனச்சே அளக்குது. நாப்பத்தாறுங்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. பொசுக்குன்னு அணைஞ்சிரும். நம்ம ஊர் குளுரு வேற.”

“ஏமாத்துக்காரக் கடை! வேற பேட்டரி மாட்டு.”

“கம்பெனி பேட்டரி வர்றதில்லண்ணே. டூப்ளிகேட் மாட்டுனா உப்பிரும். அளவத் திரும்பப் பழக்கலாம். வாரத்துக்கு ரெண்டு நாள் முழுசா ஆஃப் பண்ணிப் போடணும். மூணு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. அப்புறம் ஒரே மூச்சுல நூறு ஏத்தணும்.”

“அவ்வளவுதேனா? ராத்திரி வீட்டுல நானே செஞ்சிர்றேன்.”

“பூம்பாறை ராத்திரிக் குளுருல அளவு நிக்காதுண்ணே. உச்சி வெயில் நேரந்தான் சரி. உங்க ஊருல கரண்டும் போய்ப் போய் வரும். நடுவுல விட்டா மொதல்ல இருந்து பழக்கணும். அவங்க கடையிலயே வச்சுச் செய்யட்டும்.”

அவன் தாடையைச் சொறிந்தான். தேவசேனா நதியாவிடம் அதட்டலாகக் கேட்டாள். “எந்தக் கெழம கடையில கூட்டம் கம்மி?”

நதியா அண்ணனைப் பார்த்தாள். “செவ்வாய்... வெள்ளி.”

தேவசேனா ஒரு பில்லின் பின்பக்கம் எழுதினாள். ‘செவ்வாய், வெள்ளி. மதியம் 2 முதல் 5 வரை செல் ஆஃப்.’

“அந்நேரம் கூப்பிட்டு வச்சிராதீங்க. ஆன் பண்ணிப் பாத்தாங்கன்னா அம்புட்டும் வீண்.”

“எத்தன நாளைக்கு?”

“பேட்டரி உள்ள வரைக்கும்.”

செல்லப்பாண்டி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “சீல் குத்திக் குடும்மா. சும்மா வாய்ப்பேச்சுல இவ ஏச்சுப்புடுவா.”

அவள் கடை முத்திரையை அழுத்திக் குத்தினாள்.

“காயட்டும், எடுத்துக்கிட்டு வெரசா வா,” என்று தங்கையிடம் சொல்லிவிட்டு அவன் ஜீப்பைத் திருப்பப் போனான்.

நதியா தாளைத் தொடவில்லை. “அக்கா, பேட்டரி நம்பர் எவ்வளவு? அண்ணங்கிட்டச் சொல்லவே இல்லையே?”

தேவசேனா மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள்.

நதியா படித்தாள். முகம் வெளிறியது. “நான் எங்க போறேன்னு... கேக்கலையாக்கா?”

“அது செல்லோட சோலியும் இல்ல, என்னோட சோலியும் இல்ல.”

வெளியே ஹாரன் இரண்டு முறை அலறியது. தேவசேனா பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“தொண்ணூத்திரெண்டு இருக்கு, நல்ல பேட்டரி, ஒவ்வொரு தடவையும் நீதான் பட்டன அமுக்கி ஆஃப் பண்ணியிருக்க. மூணு மணி நேரம் பத்துமா, நாலுன்னு திருத்தித் தரட்டுமா?”