சீம்பால்

பேச்சியக்கா வீட்டு மாடு கன்று போட்டு மூன்று நாளாகியும் தெருவில் ஒரு வீட்டுக்கும் சீம்பால் வரவில்லை. எப்போதும் கேட்காமலே சொம்பு நிறையத் தருகிறவள். அவள் மருமகள் வினோதாவின் ஐந்து நாள் பிள்ளை போன வாரம் தூக்கத்திலேயே இறந்துபோனது எனக்கும் தெரியும். ஆனால் துக்க வீட்டுக்குத் தினமும் நான்கு முழம் மல்லிகை போவதைப் பார்த்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாத்திரத்தோடு கிளம்பிவிட்டேன்.

"யாருக்குக்கா இவ்வளவு பூ?" என்றேன் வாசலிலேயே.

"அவ மாருல வச்சுக் கட்டத்தான்டி. பால் வத்த மாட்டேங்குது" என்றாள் பேச்சியக்கா.

நான் பாத்திரத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"மாட்டைக் கறக்க விடமாட்டேங்குறா. எல்லாத்தையும் கன்னுக்கே ஊட்டுறா. இப்பவே அதுக்குக் கழியுது. இன்னும் ரெண்டு நாள் இப்படிக் குடிச்சா அதுவும் செத்துரும். உனக்குத்தான் ஊருப்பட்ட வாய் இருக்கே, போய்ச் சொல்லேன்."

தொழுவத்தில் சாணி வாடையை மீறி மல்லிகை மணந்தது. வினோதாவின் தலையில் ஒரு பூ இல்லை. ரவிக்கை மட்டும் புடைத்து நனைந்திருந்தது. வயிறு உப்பிய கன்று கால் மடக்கிப் படுக்கப் பார்த்தது. அவள் அதன் தாடையைப் பிடித்து மாட்டின் மடியோடு அழுத்திக்கொண்டிருந்தாள்.

"போதும் தாயி. வயிறு நெறஞ்சிருச்சு. தூங்கட்டும், விடு" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க சித்தி. எம்புள்ளையும் வயிறு நெறஞ்சுதான் தூங்குச்சு."

கன்றின் கண்கள் செருகின. பால் குடிக்கையில் கண்ணயரும் பிள்ளையை எழுப்புவதுபோல, அவள் அதன் காது மடலை மெல்ல நிமிண்டினாள்.